பி0171 வந்தது, சென்சார் மாற்றியும் மறுபடி அதே குறியீடு: அடுத்து பம்ப் மாற்றச் சொல்கிறார்கள்

#1 | நெடுஞ்சாலை

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். போன மாதம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து பி0171 என்றார்கள். "பெட்ரோல் கலவை குறைவு, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்று சொல்லி, புது சென்சார் போட்டு, குறியீட்டையும் அழித்துக் கொடுத்தார்கள். நான்கு நாள் விளக்கு எரியவில்லை. ஐந்தாவது நாள் மறுபடியும் அதே பி0171. திரும்பப் போனால் இப்போது ஃப்யூவல் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

வண்டி ஓடுவதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. பிக்கப் நன்றாக இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. நானும் ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறேன். குறியீடு தெரிகிறது, கூட வரும் எண்கள் ஒன்றும் புரியவில்லை. பம்ப் மாற்றலாமா?

#2 | திருகாணி

இப்போதைக்கு பம்பைத் தொட வேண்டாம். ஒரு கேள்வி: இந்த முறை குறியீட்டை அழித்துவிட்டீர்களா? அழிக்கவில்லை என்றால் ஆப்பில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், குறியீடு பதிவான நொடியில் என்ஜின் இருந்த நிலையின் எண்கள். அதில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

#3 | சாலையோரம்

எனக்கும் இதே கதைதான் நடந்தது. முதலில் சென்சார், அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங். கடைசியில் காரணம் வேறு எங்கோ இருந்தது. முடிவு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

#4 | திருகாணி

நெடுஞ்சாலை எண்களைப் போடுவதற்குள் பி0171 எப்படிப் பதிவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் சென்சாரை மாற்றியும் ஏன் பலன் இல்லை என்பது தானாகத் தெரியும்.

பெட்ரோல் சரியாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை ஏர் ஃப்ளோ சென்சார் அளந்து சொல்கிறது. அதற்கு ஏற்ற பெட்ரோலை என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்து வெளியே வரும் வாயுவில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பார்க்கிறது. மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஈசியு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். இப்படிக் கூட்டுவதும் குறைப்பதும்தான் ஃப்யூவல் டிரிம். அந்த நொடியில் செய்யும் திருத்தம் ஷார்ட் டெர்ம். நாளடைவில் பழகி நினைவில் வைத்துக்கொள்வது லாங் டெர்ம். கூட்டிக் கூட்டிப் பார்த்து, இதற்கு மேல் கூட்ட இடமில்லை என்ற எல்லையைத் தொடும்போது பி0171 பதிவாகிறது.

அதாவது ஆக்சிஜன் சென்சார் பார்த்ததைச் சொல்லியிருக்கிறது. அதைக் கழற்றிப் போட்டது, சாட்சி சொல்ல வந்தவரைப் பிடித்து உள்ளே வைத்தது போல. சென்சாரே பொய் சொல்வதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் ஹீட்டர் போனால் பி0135 மாதிரி தனிக் குறியீடுகள் இருக்கின்றன. பி0171 என்பது "அளவு எல்லை மீறிவிட்டது" என்ற செய்தி மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது.

குறியீட்டைப் படிக்கும் முறையையும் சொல்கிறேன். முதல் எழுத்து எந்தப் பகுதி என்பது: என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்று, சேஸிஸ் ஒன்று, பாடி ஒன்று, கம்ப்யூட்டர்களுக்கு இடையே உள்ள நெட்வொர்க் ஒன்று. என்ஜினுக்கும் பாடிக்கும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' என்றே வரும், ஸ்கேனர் திரையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்; இந்த இழையில் பி என்றால் என்ஜின்தான். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, எஸ்ஏஇ ஜே2012 என்ற தரத்தில் பொருள் வரையறுக்கப்பட்டது. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் குறியீடு. அதற்கு அடுத்த இலக்கம் துறை: 1, 2 காற்றும் எரிபொருளும், 3 இக்னிஷன், மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐட்லிங்கும், 6 ஈசியு, 7, 8 கியர்பாக்ஸ். கடைசி இரண்டும் குறிப்பிட்ட பிழை. பி0171-ஐ இப்படிப் பிரித்தால்: என்ஜின், பொதுக் குறியீடு, காற்று-எரிபொருள், முதல் பேங்கில் கலவை மெலிவு.

#5 | வெண்பனி

திருகாணி அண்ணா, முதல் பேங்க் என்றால் என்ன? என் வண்டியில் பி0420 வருகிறது. அதற்கும் ஆப்பில் "பேங்க் 1" என்று போட்டிருக்கிறது. எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

#6 | திருகாணி

ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது பேங்க் 1, தங்கையே. வி6, வி8 என்ஜினில்தான் இரண்டு பக்கம். நேராக நிற்கும் நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் ஒரே பேங்க். சென்சார் 1 என்றால் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது, சென்சார் 2 பின்னால் இருப்பது.

பி0420-க்கு உடனே கன்வெர்ட்டர் வாங்காதீர்கள். இரண்டு சென்சாரின் வோல்ட்டேஜையும் ஆப்பில் கிராஃபாகப் போட்டுப் பாருங்கள். பழைய வகை சென்சார் என்றால், முன்னால் உள்ளது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். பின்னால் உள்ளது கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் உள்ள கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கி வைத்துச் செலவழிக்கிறது. பின்னால் உள்ளதும் முன்னதைப் போலவே குதித்தால், தேக்கும் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் சென்சார்களுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து அதே மாதிரி காட்டும். முதலில் அதைப் பாருங்கள். வேறு குறியீடு ஏதாவது கூட இருக்கிறதா?

#7 | வெண்பனி

பி0303 இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு. விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. ஆனாலும் ஒரு வாரம் ஓட்டிவிட்டுத்தான் பிளக் மாற்றினோம்.

#8 | மின்கம்பி

இது முக்கியம், அதனால் குறுக்கே வருகிறேன். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. சிமிட்டினால் அவகாசம் இல்லை. கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் அடிக்கும்போதுதான் அது சிமிட்டும். எரியாத பெட்ரோல் நேரே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பீங்கான் சூடு தாங்காமல் உருகக்கூடும். ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டுவதுதான் சரி.

பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் சிலிண்டர், பி0303 மூன்றாவது. பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவும் காரணமாக இருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் எளிய வழி உண்டு: மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0303 அங்கேயே நின்றால் காயில் இல்லை. புதுப் பாகம் எதுவும் வாங்காமல் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் வண்டியில் அந்த ஒரு வார ஓட்டம் கன்வெர்ட்டரைப் பாதித்திருக்கலாம். அப்படியே மாற்ற வேண்டி வந்தாலும், மிஸ்ஸிங் முழுக்கப் போய்விட்டதா என்று உறுதி செய்தபின் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

#9 | நெடுஞ்சாலை

ஃப்ரீஸ் ஃப்ரேம் கிடைத்தது. அழிக்காமல்தான் வைத்திருந்தேன்.

ஆர்பிஎம் 780. வேகம் 0. கூலன்ட் 88 டிகிரி. ஷார்ட் டெர்ம் டிரிம் +6.3 சதவீதம். லாங் டெர்ம் +21.1 சதவீதம். ஏர் ஃப்ளோ நொடிக்கு 2.1 கிராம்.

#10 | திருகாணி

இதைத்தான் எதிர்பார்த்தேன். வண்டி நிற்கிறது, என்ஜின் சூடாகிவிட்டது, ஐட்லிங்கில் இருக்கிறது. இரண்டு டிரிம்மையும் கூட்டினால் 27-க்கு மேல். நல்ல வண்டியில் இந்தக் கூட்டல் பத்துக்குள் நிற்கும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். என்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடியுங்கள். அப்போது இரண்டு டிரிம்மும் என்ன காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#11 | நெடுஞ்சாலை

செய்தேன். 2500-இல் ஷார்ட் +1.6, லாங் +4.7. காலை எடுத்ததும் மறுபடி லாங் 21-க்குப் போய்விட்டது. இரண்டு முறை பார்த்தேன், அதேதான்.

#12 | திருகாணி

அப்படியானால் பம்பை மறந்துவிடுங்கள். பம்ப் தளர்ந்திருந்தால் என்ஜின் அதிகம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வரும். வேகம் கூடக் கூட, மேடு ஏற ஏற டிரிம் ஏறும். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு என்றாலும் பெரும்பாலும் அதிக லோடில்தான் கூடுதலாகத் தெரியும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஐட்லிங்கில் மோசம், 2500-இல் நல்ல பிள்ளை.

இது காற்று ஒழுகல். ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுகிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) மூடியிருக்கும், உள்ளே வேக்யூம் பலமாக இழுக்கும், என்ஜினுக்கு மொத்தமாகப் போகும் காற்றும் நொடிக்கு 2 கிராம் அளவுதான். அதில் அரை கிராம் திருட்டுத்தனமாக வந்தாலே பெரிய பங்கு. 2500-இல் மொத்தக் காற்று பல மடங்கு. அதே ஓட்டை அங்கே ஒரு பொருட்டே இல்லை.

#13 | மின்கம்பி

திருகாணி சொல்வது சரி, ஆனால் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இவ்வளவு தெளிவாக வரும். பல வண்டிகளில் காற்றை நேராக அளக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து காற்றைக் கணக்கிடுகிறார்கள். அதில் ஓட்டை வழியே வரும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டிவிடும், ஈசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் டிரிம் அவ்வளவு ஏறாது, ஐட்லிங் ஆர்பிஎம்தான் உயர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்காரர் "டிரிம் நன்றாக இருக்கிறது, ஒழுகல் இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

#14 | திருகாணி

மிகச் சரி. நானே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. நெடுஞ்சாலை வண்டியில் ஏர் ஃப்ளோ எண் வந்திருப்பதை வைத்துத்தான் பேசினேன்.

#15 | சாலையோரம்

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஹோஸ் மேல் அடித்தால் என்ஜின் சத்தம் மாறும், அங்கேதான் ஓட்டை என்று சொல்வார்களே?

#16 | திருகாணி

சொல்வார்கள், பலர் செய்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அது எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு, சூடான எக்ஸாஸ்ட் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. ஸ்மோக் டெஸ்ட் மெஷின் உள்ள இடத்தில் இன்டேக்குக்குள் புகை விட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது, எங்கே ஓட்டையோ அங்கே புகை நூல் மாதிரி எழும்.

அதற்கு முன் கண்ணாலும் காதாலும் விரலாலும் தேடலாம். ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினின் அடிப்பகுதி வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), மேனிஃபோல்ட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும்கூட. என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். நேராகக் கிடக்கும்போது விரிசல் தெரியாது. வளைத்தால்தான் வாயைத் திறக்கும்.

#17 | கரிப்புகை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், தனி இழை போடலாமா என்று யோசித்தேன், ஆனால் இங்கேயே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். என் வண்டியில் ஒரே நாளில் மூன்று குறியீடுகள்: பி0113, பி0118, பி0123. உள்ளே வரும் காற்றின் வெப்ப சென்சார், கூலன்ட் சென்சார், த்ராட்டில் பொசிஷன் சென்சார், மூன்றும் போச்சு என்று மூன்றையும் ஆர்டர் செய்யச் சொல்கிறார்கள்.

#18 | மின்கம்பி

ஆர்டர் செய்யாதீர்கள் ஐயா. மூன்று சென்சார் ஒரே நாளில் சேர்ந்து சாவது அபூர்வம். மூன்று குறியீட்டின் பொருளையும் பாருங்கள்: மூன்றுமே "சிக்னல் அதிகம்". மூன்றுக்கும் பொதுவான ஒன்று அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆப்பில் இப்போது கூலன்ட் வெப்பம் எவ்வளவு காட்டுகிறது?

#19 | கரிப்புகை

மைனஸ் 40. காற்றின் வெப்பமும் மைனஸ் 40.

#20 | மின்கம்பி

அதேதான். இந்த வெப்ப சென்சார்கள் குளிர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடானால் இறங்கும். வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போகும், ஈசியு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மைனஸ் 40. ஸ்கேனரில் அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் வயரைத் தேடுங்கள்.

இந்த மூன்று சென்சாருக்கும் பல வண்டிகளில் ஒரே எர்த் வயர் ஈசியுவிலிருந்து வந்து நடுவில் கிளை பிரிகிறது. கிளை பிரிவதற்கு முன் அது விட்டுப்போனால் மூன்றுமே 5 வோல்ட் பக்கம் ஏறி நிற்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கூலன்ட் சென்சார் கனெக்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ் வயர் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். சில ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும். திறந்த சர்க்யூட் என்று காட்டினால் வயரைப் பின்தொடர்ந்து போங்கள், நீர் தேங்கும் இடத்தில் உள்ள கனெக்டரை முதலில் திறந்து பாருங்கள்.

பொதுவாகவே சம்பந்தம் இல்லாத குறியீடுகள் கும்பலாக வந்தால் பேட்டரி, ஆல்டர்நேட்டர், எர்த், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கும்.

#21 | சாலையோரம்

எனக்கு ஒரு சந்தேகம். மாசுச் சான்றிதழுக்கான புகைப் பரிசோதனைக்கு முன் குறியீட்டை அழித்துவிட்டுப் போனால் தெரியாதுதானே?

#22 | திருகாணி

தெரியும். குறியீட்டை அழிக்கும்போது ரெடினஸ் மானிட்டர் எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடு, ஒவ்வொன்றையும் ஈசியு தானே ஓட்டத்தில் சோதித்து "முடிந்தது" என்று குறித்துக்கொள்ளும். அழித்தால் "முடியவில்லை" என்று காட்டும். ஸ்கேனர் போடுபவருக்கு இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதிதான், கூடவே பழகிய டிரிம்மும் போய்விடும்.

நெடுஞ்சாலை வண்டியில் நான்கு நாள் விளக்கு எரியாமல் இருந்ததும் இதனால்தான். சென்சார் மாற்றியதால் அடங்கவில்லை. அழித்ததால் ஈசியு முதலிலிருந்து கற்க ஆரம்பித்தது. பெரும்பாலான பிழைகளுக்கு ஒரு ஓட்டத்தில் தவறு தெரிந்தால் 'பெண்டிங்' என்று குறித்துவைக்கும், அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் விளக்கைப் போடும். அதனால் வேலை செய்து கொடுத்த மறுநாள் பெண்டிங் பக்கத்தைப் பாருங்கள். விளக்குக்கு முன்பே அது சொல்லிவிடும்.

#23 | வெண்பனி

மலிவான ஸ்கேனரே போதுமா?

#24 | மின்கம்பி

பொதுக் குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், டிரிம் பார்க்கப் போதும். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 (வண்டி தன் பிழையைத் தானே கண்டு குறியீடாகச் சொல்லும் பொது முறை) கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. அதனால் 16 பின் சாக்கெட்டும் அடிப்படைத் தகவல்களும் கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் ஒன்றுதான். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் பெரும்பாலும் அது போகாது. பி1-இல் தொடங்கும் குறியீட்டுக்கு ஆப் சொல்லும் விளக்கத்தையும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு பொருள். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஸ்கேனரைச் சொருகியபடி விட்டுவிடவும் வேண்டாம். அந்த சாக்கெட்டின் 16-ஆவது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், வண்டி பல நாள் நின்றால் பேட்டரி இறங்கும்.

#25 | நெடுஞ்சாலை

கண்டுபிடித்துவிட்டேன்!

பிசிவி ஹோஸ். மேனிஃபோல்டுக்குப் பின்னால் போகும் முழங்கை வளைவில், அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் ரப்பர் புதுசு போல இருந்தது. விரலை அடியில் விட்டுத் தடவினேன், ஆயில் பிசுபிசுப்போடு ஒரு கோடு நகத்தில் தட்டியது. வளைத்தால் விரல் நக நீளத்துக்கு வாய் திறக்கிறது. உறுதி செய்துகொள்ள என்ஜினை ஓடவிட்டு, ஃபேன் பக்கம் கை போகாமல், விரிசலுக்கு முன்னால் ஹோஸை இடுக்கியால் நெரித்தேன். ஐட்லிங் சட்டென்று சமமானது. ஷார்ட் டெர்ம் டிரிம் +6-இலிருந்து மைனஸ் 18-க்கு விழுந்தது. மைனஸ் ஏன்?

#26 | திருகாணி

அருமை! லாங் டெர்ம் 21 இன்னும் நினைவில் இருக்கிறதே. ஓட்டை அடைந்த நொடியில் அந்த 21 அதிகப்படி ஆகிவிட்டது, அதை ஷார்ட் டெர்ம் மறுபக்கம் இழுக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஹோஸை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள், அந்தச் சூட்டிலும் ஆயிலிலும் நிற்காது. குறியீட்டை அழிக்காமல் விட்டுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் விளக்கு தானே அணையும். நினைவிலிருந்து குறியீடு நீங்க 40 முறை என்ஜின் சூடாகி ஆற வேண்டும்.

#27 | கரிப்புகை

மின்கம்பி தம்பிக்கு நன்றி. பேட்டரி தட்டுக்குக் கீழே உள்ள கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. புதுப் பின் போட்டு அழுத்தி, மூடி வைத்தேன். கூலன்ட் 31 டிகிரி காட்டுகிறது. காற்றும் 31. காலையில் ஆறிய என்ஜினில் இரண்டும் ஒன்றாக இருப்பது சரிதானே?

#28 | மின்கம்பி

சரிதான் ஐயா. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மூன்று சென்சாரும் நலம்.

#29 | நெடுஞ்சாலை

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். புது ஹோஸ் போட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் விளக்கு தானே அணைந்தது. ஐட்லிங்கில் லாங் டெர்ம் இன்று +3.1. ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் வளைத்துக் காட்டினேன். மெக்கானிக் வாங்கிப் பார்த்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமை எந்தப் பக்கத்தில் பார்த்தாய் என்று கேட்டார். என் போனிலேயே திறந்து காட்டினேன்.